பேலன்ஸ் ஆஃப் பவர்: ஓடவைத்த கதையைச் சொல்லுங்கள்

கோடைமழை:
மூன்று இரவாக பேலன்ஸ் ஆஃப் பவர் என்ற இந்தப் பழைய பனிப்போர் கணினி ஆட்டத்தோடுதான் இருக்கிறேன். பழைய பிசி பதிப்பு. 16 பிட் என்பதால் இப்போதைய 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே மாட்டேன் என்றது. பழைய டாஸ் கணினி மாதிரி நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் போட்டால் டாஸ் பதிப்பு சரியில்லையாம். 'வெர் செட் 3 30' என்று தட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன், உலக வரைபடம் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்வதைப் பொருட்படுத்தவில்லை.

நான் அமெரிக்க அதிபர். நிகரகுவா கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் அனுப்பினேன், சோவியத் எதிர்த்தது. நானும் விடவில்லை. டெஃப்கான், அதாவது போர் எச்சரிக்கை நிலை, 4, 3, அப்புறம் 2 என்று இறங்கியது; 1 வந்தால் போர். போதும், பின்வாங்கலாம் என்று அம்பை நகர்த்தினேன். அது பக்கத்துப் பொத்தானிலேயே நின்றுவிட்டது, விரலோ அழுத்திவிட்டது. திரை கறுத்தது. அணு ஆயுதப் போரை மூட்டிவிட்டீர்கள், காளான் மேகப் படமெல்லாம் காட்ட மாட்டோம், தோல்விக்குப் பரிசு இல்லை என்று எழுத்துகள் மட்டும் வந்தன. நள்ளிரவு தாண்டி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மவுஸ் மட்டும் ஒழுங்காக நகர்ந்திருந்தால்!

நெய்தல்:
மவுஸைக் குறை சொல்லாதீர்கள். அந்தச் செய்தியில் 'தற்செயலாக' என்ற சொல் இருந்ததா? இருந்தால் பொத்தான் காரணமே இல்லை. டெஃப்கான் இறங்க இறங்க, யாரும் நினைக்காமலே போர் வெடிக்கும் வாய்ப்பு கூடும். ஆட்டத்தை உருவாக்கிய கிறிஸ் கிராஃபோர்ட் அதை வேண்டுமென்றேதான் அப்படி அமைத்தார். எனக்கு ஒருமுறை 1989இல், ஆட்டத்து 1989ஐச் சொல்கிறேன், இப்படித்தான் முடிந்தது. ஒரு சின்ன நாட்டுக்காக.

பழையதிரை:
தம்பி, இந்த ஆட்டம் 1985இல் மேக்கின்டாஷுக்காக எழுதியது. நான் அதில்தான் ஆடினேன், ஆட்டம் முடியும் 1994ஐ ஒருமுறைகூடத் தொட்டதில்லை. என் பேச்சைக் கேட்டு டாஸ்பாக்ஸை விட்டுவிட்டு, பழைய மேக் மாதிரி நடிக்கும் மினி விமேக் மென்பொருளுக்கு வாருங்கள். மேக் ப்ளஸ் கணினியின் ரோம் (ROM) கோப்பு ஒன்று வேண்டும், அதன் படிக்க மட்டுமேயான நினைவகத்தின் நகல் அது. கோப்பின் பெயர் பிசகினால் திறக்காது. வேகத்தை முதலிலேயே ஒரு மடங்குக்கு இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கண் இமைப்பதற்குள் எல்லாம் ஓடிவிடும், அறிவிப்புகளைப் படிக்க முடியாது. ஆட்டம் இருக்கும் வட்டுக் கோப்பை நகலெடுத்து நகலில்தான் ஆட வேண்டும். 512க்கு 342 புள்ளித் திரை இன்றைய மானிட்டரில் தபால்தலை மாதிரி தெரியும், அதனால் இரு மடங்காகப் பெரிதாக்குங்கள். டாஸ்பாக்ஸ்தான் வேண்டுமென்றால் கண்ட்ரோல், எஃப் 12 இரண்டையும் சேர்த்து அழுத்தி சைக்கிளை, அதாவது டாஸ்பாக்ஸ் ஓடும் வேகத்தை, ஏற்றுங்கள், அம்பு இழுக்காது. முக்கியமாக, முதல் இரண்டு ஆண்டில் சின்ன நாடுகளுக்காக மல்லுக்கட்டாதீர்கள். மொத்தம் எட்டு ஆண்டுதான் ஆட்டம்.

நெய்தல்:
அண்ணா, அவர் கேட்டது அது இல்லையே.

கோடைமழை:
திரையைப் படம் எடுத்து வைத்திருந்தேன், இப்போதுதான் திறந்து பார்த்தேன். 'தற்செயலாக' என்ற சொல் இருக்கிறது. மூன்று நாளாக மவுஸைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். 4இலிருந்து 2 வரை இறக்கியதில் ஒரு அழுத்தல்கூடத் தவறி விழுந்ததில்லை, எல்லாம் நானே பார்த்து அழுத்தியது. சைக்கிளை ஏற்றிவிட்டேன் அண்ணா, அம்பு இப்போது சரியாக நகர்கிறது. மறுபடி 1986இலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். நிகரகுவா பக்கம் இன்னும் போகவில்லை.