ஆறு கொண்டுவந்த தங்கம் என்றால் ஏன் உருண்டையாக இல்லை?

கேள்வி:
தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரேண்ட் படுகைப் பாறைத் துண்டு ஒன்றை இரண்டு நாட்களாக உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பால்வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கற்கள், இடையிடையே கடுகு போன்ற பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) மணிகள். ஆற்றில் உருண்டவை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. தங்கம் மட்டும் ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக, ஒரு பைரைட் மணியின் விரிசலுக்குள் வேர் போல இறங்கியிருக்கிறது. ஆறு கொண்டுவந்திருந்தால் நசுங்கி, ஓரம் மழுங்கி அல்லவா இருக்கும்? பின்னாளில் வெந்நீர்க் கரைசல்தான் இதைக் கொண்டுவந்தது என்றே எனக்குப் படுகிறது.

பதில் 1:
அந்தப் பைரைட் மணிகளை விட்டுவிடாதீர்கள். இன்றைய ஆற்றில் பைரைட் சீக்கிரமே துருவாகிவிடும். அந்தப் படுகை நிரம்பியது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து. காற்றில் ஆக்சிஜன் கூடியதோ சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதனால்தான் பைரைட்டும், யுரேனினைட் என்ற யுரேனியக் கனிமத்தின் மணிகளும்கூடச் சிதையாமல் தப்பின. கானாவின் டார்க்வா படிவு சுமார் 210 கோடி ஆண்டுப் பழமையானது. அங்கும் கூழாங்கல் படுகையில்தான் தங்கம், ஆனால் துணைக்கு இருப்பது பைரைட் அல்ல, ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு!

பதில் 2:
அந்தச் சுரங்கங்களில் நிலவியலாளராக வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். தங்கத்தின் உருவம் அது கடைசியாக நகர்ந்ததைத்தான் காட்டும், வந்த வழியை அல்ல. ரீனியம் என்ற தனிமம் காலப்போக்கில் ஆஸ்மியமாகச் சிதைவதை அளந்து, அங்குள்ள வால் ரீஃப் என்ற தங்கப் படிவின் தங்கத்துக்கு வயது கணக்கிட்டு 2002இல் வெளியிட்டார்கள்: சுமார் 303 கோடி ஆண்டுகள். தன்னைப் பொதிந்திருக்கும் படிவைவிட மூத்தது! படுகை ஆழப் புதைந்து 300 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடானபோது தங்கம் கரைந்து, சிறிது தொலைவு நகர்ந்து, விரிசல்களில் மறுபடி படிந்தது. சுமார் 202 கோடி ஆண்டுகளுக்கு முன் அதே படுகையில் உள்ள வ்ரெடஃபோர்ட்டில் விண்கல் மோதியபோதும் பாறை நொறுங்கிச் சூடேறியது. நான் பார்த்தவரை தங்கம் எல்லா இடத்திலும் சமமாக இராது. பழைய ஆறு அரித்த தளத்தின் மேல், கூழாங்கல் அடுக்கின் அடியில்தான் செறிந்திருக்கும். வெந்நீர் மட்டுமே கொண்டுவந்திருந்தால் ஆற்றின் தடத்தை இவ்வளவு ஒட்டிச் செல்ல வேண்டியதில்லை. பேசல் ரீஃப் என்ற இன்னொரு படிவில், அடிபட்டு நசுங்கியதன் அடையாளமாக, ஓரம் தடித்த வட்டத் தகடுகளாகவே தங்கம் கிடைத்திருக்கிறது. உங்கள் துண்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பார்த்துவிட்டேன். அடியில் பென்சில் கோடு போல ஒரு கருப்புக் கரிமப் படலம். அதன் இழைகளுக்கு நடுவே, மேலே கண்டதைவிடப் பல மடங்கு தங்கம். வெந்நீர் மட்டுமே என்ற என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். இந்தக் கரிமம் அன்று பாய் போலப் படர்ந்த நுண்ணுயிர்களின் மிச்சமா, பின்னர் ஊறிவந்த எண்ணெயா? உங்கள் கருத்து எது?