பி பிளாக் குரூப்: முதலுதவிப் பெட்டியில் எந்தக் கட்டு?

கார்த்திக்: கரண்ட் வச்ச பேண்டேஜ் வீடியோ பாத்தீங்களா? ரத்தத்தை உடனே நிறுத்துமாம். நம்ம பெட்டிக்கு வாங்கிடலாமா?

செல்வி அக்கா (நர்ஸ்): அது வேற, இது வேற தம்பி. நீ அனுப்புனது 2023ல அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டிக்காரங்க செஞ்சது. பூ மாதிரி ஒரு எலக்ட்ரோடு காயத்து மேல உக்காரும். அதைச் சுத்தி வளையமா இன்னொண்ணு, நல்ல தோல் மேல. சுகர் இருக்கற எலிகளுக்கு தினம் 30 நிமிஷம் கரண்ட் கொடுத்ததுல புண்ணு 30% சீக்கிரமா ஆறுச்சு. நாள்பட்ட சுகர் புண்ணுக்கு உண்டானது அது. ரத்தம் பீறிடும்போது அதால பிரயோஜனம் இல்ல.

கார்த்திக்: அப்ப ரத்தம் நிக்க எது அக்கா?

முருகேசன் அண்ணா (மெடிக்கல்): ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு கயோலின் ஏத்துன காஸ், அதாவது காயத்துக்கு வைக்கற மெல்லிசான வலைத்துணி. கயோலின்னா வெள்ளைக் களிமண், ரத்தம் உறையற வேலையை முடுக்கி விடும். இன்னொண்ணு கைட்டோசான், இறால் ஓட்டுலேர்ந்து எடுக்கறது. சிவப்பணுவை இழுத்து ஒட்டிக்கிட்டு பசை மாதிரி அடைச்சுக்கும்.

ஜெயா: ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடற பெரியவங்களுக்கு எதுண்ணா?

முருகேசன் அண்ணா: கைட்டோசான்மா. உடம்போட உறையற சக்தியை அது நம்பி இருக்கறதில்ல. நம்ம பிளாக்குல அந்த மாத்திரை சாப்பிடறவங்க இருக்காங்க, அதனால அதையே வாங்கலாம். பவுடரா யாராச்சும் வித்தா வேணாம். ரத்தத்தை நிறுத்தன்னு ஆரம்பத்துல வந்த ஜியோலைட்ங்கற தாதுத் துகள் ரத்தத்துல பட்டதும் கொதிச்சு தோலைச் சுட்டுடுச்சு. அதுக்கப்புறம்தான் துணியில ஏத்த ஆரம்பிச்சாங்க.

செல்வி அக்கா: எது வாங்கினாலும் நிறுத்தறது அழுத்தம்தான். துணி அதுக்குத் துணை. ஆழமான காயத்து மேல காஸை சும்மா போர்த்தி வச்சா மேல காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஓடிக்கிட்டே இருக்கும். தேங்கின ரத்தத்தை முதல்ல ஒத்தி எடுங்க. எங்கேர்ந்து வருதுன்னு பாத்து அந்த இடத்துலயே விரலால காஸை அடியில திணிங்க. ஒரு விரல் அழுத்திட்டிருக்கும்போதே அடுத்த விரல் அடுத்த மடிப்பைத் தள்ளணும், விரல் மாறும்போது அழுத்தம் விடக்கூடாது. தோலுக்கு மேல மேடா வர்ற வரைக்கும் நிரப்பி, ரெண்டு உள்ளங்கையும் வச்சு முழங்கையை மடக்காம முழு எடையோட 3 நிமிஷம். கடிகாரம் பாத்து.

கார்த்திக்: நடுவுல தூக்கிப் பாக்கலாமா?

செல்வி அக்கா: கூடவே கூடாது! அப்பதான் உறைஞ்சு உருவான ரத்தக்கட்டி பிஞ்சு வந்துடும். நனைஞ்சா மேலயே இன்னொரு காஸ் வச்சு இன்னும் பலமா அழுத்துங்க.

ஜெயா: வயித்துல குத்துக்காயம்னாலும் இப்படித்தானா அக்கா?

செல்வி அக்கா: இல்லம்மா. வயிறு, நெஞ்சு, தலையில எதையும் திணிக்கக் கூடாது. கை, கால், தொடை இடுக்கு, அக்குள் இதுக்குத்தான் திணிக்கிற முறை. கை காலுல அப்பவும் நிக்கலைன்னா டூர்னிக்கெட், அதாவது ரத்த ஓட்டத்தையே நிறுத்தற இறுக்குப் பட்டை. காயத்துக்கு 5-7 செ.மீ மேல, மூட்டு மேல இல்லாம கட்டி, கட்டின நேரத்தை எழுதி வைங்க.

முருகேசன் அண்ணா: டயாலிசிஸ் ஊசி போட்ட இடம் திறந்துக்கிச்சுன்னா துண்டைச் சுத்திட்டு ஓடாதீங்க. துண்டு ரத்தத்தை உறிஞ்சும், ஓட்டையை அடைக்காது. சின்ன காஸ் வச்சு ஓட்டை மேலயே விரல் நுனியால அழுத்தி, கையைத் தூக்கிப் பிடிச்சு 108ஐக் கூப்பிடுங்க.

ஜெயா: மஞ்சத்தூள், காப்பித்தூள் போடலாம்னு அத்தை சொல்றாங்க...

செல்வி அக்கா: வேணாம்மா. கிருமி உள்ள போகும், தையல் போடறவங்க அதைக் கழுவி எடுக்கறதுக்கே பாதி நேரம் போயிடும். பஞ்சும் வேணாம், நூல் நூலா ஒட்டிக்கும்.

கார்த்திக்: சரிக்கா. பெட்டியில என்னென்ன?

முருகேசன் அண்ணா: கைட்டோசான் காஸ் 2, சாதா காஸ் ரோல் 4, 4 இஞ்ச் கிரேப் பேண்டேஜ் 2, டூர்னிக்கெட் 1, கையுறை, கத்தரி, மார்க்கர் பேனா. எக்ஸ்பயரியை பெட்டி மூடியில எழுதி ஒட்டிடு. பிரிச்ச கவரைக் குப்பையில போடாம ஆம்புலன்ஸ்காரங்க கையில குடுங்க. உள்ள என்ன வச்சோம், எத்தனை வச்சோம்னு டாக்டருக்குத் தெரிஞ்சாதான் எல்லாத்தையும் மறக்காம எடுப்பார்.

கார்த்திக்: நோட் பண்ணிட்டேன்ணா. வாட்ச்மேன் ரூம்ல பூட்டாம வைக்கச் சொல்றேன்.