பழைய அமெரிக்க அதிபர் தேர்தல்கள்: உங்கள் ஓட்டு எங்கே விழுந்திருக்கும்?

கணக்குப்பிள்ளை:

2000, ஃபுளோரிடா, பாம் பீச் கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). ஓட்டு அல் கோருக்குத்தான். புஷ் அந்த மாநிலத்தை 537 ஓட்டில் ஜெயித்தது, மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் 5-4 தீர்ப்பில் நிறுத்தியது எல்லாம் இங்கே பேசிப் பேசிப் புளித்த சங்கதி. இன்னும் அரித்துக்கொண்டிருப்பது அந்த ஓட்டுச் சீட்டின் நடுவில் இருந்த இரண்டாவது ஓட்டை, அதாவது துளை, மட்டும்தான்.

புத்தகம் விரித்த மாதிரி இரண்டு பக்கம். பெயர்கள் இரண்டு பக்கமும் இருக்கும், குத்த வேண்டிய ஓட்டைகள் நடுவில் ஒரே வரிசை. இடப்பக்கம் மேலே புஷ், அவருக்குக் கீழே கோர். வலப்பக்கம் மேலே சின்னக் கட்சி வேட்பாளர் புக்கானன். ஓட்டை வரிசையில் முதலாவது புஷ், இரண்டாவது புக்கானன், மூன்றாவதுதான் கோர். இடப்பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டு இறங்குகிறவர் இரண்டாவது பெயருக்கு இரண்டாவது ஓட்டையைக் குத்துவார். குத்திய பிறகு அம்புக்குறி கண்ணில் பட்டால் மூன்றாவதையும் குத்துவார். அத்தோடு ஓட்டு செல்லாது. அந்தக் கவுண்ட்டியில் இப்படி ஒன்றுக்கு மேல் குத்திக் கெட்டவை 19 ஆயிரத்துக்கும் மேல். புக்கானனுக்கு விழுந்தது சுமார் 3,400. அதில் பெரும்பாலானவை தனக்குப் போட்டவையாக இருக்காது என்று அவரே டிவியில் ஒத்துக்கொண்டார்.

புஷ்ஷுக்குப் போடுகிறவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. முதல் பெயர், முதல் ஓட்டை. கொடுமை என்னவென்றால், வயதானவர்கள் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்கப் போய்த்தான் பெயர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. அதை வடிவமைத்த அதிகாரியும் அப்போது கோரின் கட்சியில் பதிந்திருந்தவர்.

ஸ்பேனர்:

அண்ணே, நீங்க சொல்ற இந்த ரெண்டு பக்கப் பட்டாம்பூச்சிச் சீட்டு ஒரு கவுண்ட்டி சமாச்சாரம். ட்யூவல் கவுண்ட்டியை விட்டுட்டீங்க. அங்கே அதிபர் வேட்பாளர் பட்டியல் அடுத்தடுத்த ரெண்டு பக்கத்துல வந்துச்சு. முன்கூட்டி வெளியிட்ட மாதிரிச் சீட்டுல எல்லாப் பக்கத்திலயும் ஓட்டுப் போடணும்னு போட்டிருந்தான். ஜனங்க அதை நம்பி முதல் பக்கத்துல ஒண்ணு, அடுத்த பக்கத்துல ஒண்ணு குத்திட்டாங்க. 20 ஆயிரத்துக்கு மேல அங்கேயும் அவுட்டு. அதைப் பத்தி யாரும் பேசறதில்ல.

என் ஓட்டும் கோருக்குத்தான். ஆனா சீட்டை விட எந்திரம்தான் பெரிய வில்லன். வோட்டோமேட்டிக்ங்கிற அந்தக் குத்துற எந்திரத்துல அட்டையை மேல இருக்கிற சந்து வழியா உள்ளே தள்ளணும். அட்டைத் தலையில இருக்கிற ரெண்டு துளையும் ரெண்டு முளையில சரியா உக்காரணும். உக்காராட்டி ஊசி சதுரத்துக்கு நேரா வராது, அட்டையில பள்ளம்தான் விழும். ஒவ்வொரு சின்னச் சதுரமும் நாலு மூலையில மட்டும் ஒட்டிட்டிருக்கும். ஊசியைச் செங்குத்தா அழுத்தினா நாலும் விட்டு, துணுக்கு கீழ இருக்கிற ரப்பர் பட்டை வழியாத் தட்டுல விழணும். ரப்பர் வயசாகி இறுகிப் போச்சுன்னா துணுக்கு உள்ளே போகாம எதிர்த்துத் தள்ளும். தட்டைச் சுத்தம் பண்ணாம வச்சிருந்தா பழைய துணுக்கெல்லாம் குவிஞ்சு நிக்கும். அதிகமாக் குத்து வாங்கறது அதிபர் பதவிக்கான முதல் வரிசைதான், குப்பையும் அங்கேதான் சேரும். அதனால கெடறதும் அதே ஓட்டுத்தான்.

அப்புறம் எண்ணுற எந்திரம். துளை வழியா வெளிச்சம் வந்தாத்தான் அது ஓட்டு. ஒரு மூலையில தொங்கற துணுக்கு அட்டை ஓடற வேகத்துல ஒரு தடவை திறந்திருக்கும், அடுத்த தடவை மூடிக்கும். அதனாலதான் அதே அட்டைக் கட்டை எத்தனை தடவை விட்டாலும் அத்தனை கணக்கு வந்துச்சு. கையால எண்ணினப்போ வெறும் பள்ளத்தை ஓட்டா எடுக்கலாமாங்கிறதுல பிரவார்டு கவுண்ட்டி தாராளமா இருந்துச்சு, பாம் பீச் கெடுபிடியா இருந்துச்சு. பாம் பீச் கெடுவையும் ரெண்டு மணி நேர வித்தியாசத்துல கோட்டை விட்டுச்சு.

தேன்மொழி:

எனக்கு 1912. குடியரசுக் கட்சி உடைந்து பதவியில் இருந்த டாஃப்டும் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்டும் மோத, ஜனநாயகக் கட்சியின் வில்சன் ஜெயித்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதானே, நேராக விஷயத்துக்கு வருகிறேன். பெண்ணாகப் போய் ஓட்டுப் போட வேண்டுமென்றால் கலிஃபோர்னியாவுக்குப் போவேன். அங்கே 1911 அக்டோபரிலேயே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்துவிட்டது, நாடு முழுக்க வர 1920 ஆனது.

சரி, டாஃப்டுக்குப் போடலாம் என்று உள்ளே போனால், சீட்டில் பதவியில் இருக்கும் அதிபரின் பெயர் இல்லை! மாநிலக் குடியரசுக் கட்சி ரூஸ்வெல்ட் ஆட்கள் கைக்குப் போயிருந்தது, கட்சியின் இடத்தை அவருடைய எலெக்டர்களுக்கே (மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு ஓட்டுப் போடும் பிரதிநிதிகள்) கொடுத்துவிட்டார்கள். டாஃப்டுக்கு ஓட்டு வேண்டுமென்றால் அவருடைய எலெக்டர்களின் பெயர்களைக் கையால் எழுத வேண்டும். மாநிலத்துக்கு மொத்தம் 13 பேர். அவ்வளவு சிரமப்பட்டு டாஃப்டுக்கு விழுந்த ஓட்டு நாலாயிரம்கூடத் தேறவில்லை.

ரூஸ்வெல்ட் அங்கே வில்சனை 174 ஓட்டில் ஜெயித்தார். ஆனால் ஒவ்வொரு எலெக்டருக்கும் தனித்தனியாக எண்ணினதால் 11 பேர் ரூஸ்வெல்டுக்கு, 2 பேர் வில்சனுக்கு என்று பிரிந்தது. சீட்டில் எல்லாப் பெயருக்கும் குறி போடாமல் பாதியில் கை ஓய்ந்தவர்கள்தான் அந்த இரண்டு இடத்தை முடிவு செய்திருக்க வேண்டும். நான் ரூஸ்வெல்டுக்குப் போட்டிருப்பேன், 13 குறியும் விடாமல்.

நாஞ்சில் ஆதவன்:

தேன்மொழி மேடம், கலிஃபோர்னியா சரி, யாராகப் போகிறீர்கள்? இந்த இழையில் எல்லாரும் ஓட்டுரிமையைக் கையில் வைத்துக்கொண்டே பிறந்த மாதிரி எழுதுகிறார்கள். இந்தியர் என்றால் குடியுரிமைதான் முதல் தடை. 'சுதந்திர வெள்ளையருக்கு' மட்டும் என்ற பழைய சட்டத்தின் கீழ் சில நீதிபதிகள் இரக்கப்பட்டுக் கொடுத்ததுண்டு. பகத் சிங் திண்ட் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். 1918இல் வாஷிங்டன் மாநிலத்தில் குடியுரிமை வாங்கினார், சில நாளில் பறித்தார்கள். 1920இல் ஆரிகனில் மறுபடி வாங்கினார். 1923 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார் என்று சொன்னது. அதோடு நிற்காமல், முன்பு வாங்கியிருந்தவர்களிடமிருந்தும் குடியுரிமையைப் பிடுங்க வழக்குப் போட்டார்கள். 1924இல் ஓட்டுப் போடலாம் என்று யாராவது இங்கே எழுதினால் நான் விடமாட்டேன்.

1946 ஜூலையில் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகுதான் கதவு திறந்தது, அதுவும் ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்ற கணக்கில். கலிஃபோர்னியாவில் விவசாயம் செய்த தலீப் சிங் சௌந்துக்கே குடியுரிமை 1949 டிசம்பரில்தான் கிடைத்தது. ஆக அவர் போட்டிருக்கக்கூடிய முதல் அதிபர் ஓட்டு 1952, ஸ்டீவன்சனா ஐசனோவரா என்று. அடுத்த தேர்தலில், 1956இல், அவரே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு ஜெயித்துவிட்டார்! என் பதிலும் அதுதான்: 1952, கலிஃபோர்னியாவில் அவர் இருந்த இம்பீரியல் பள்ளத்தாக்கு, ஸ்டீவன்சன்.

தேன்மொழி:

யாராகப் போகிறேன் என்று தலைப்பு கேட்கவில்லை, ஆதவன் சார். எங்கே விழுந்திருக்கும் என்றுதான் கேட்கிறது.

பழைய பேப்பர்:

1860. லிங்கனுக்கு, ஜார்ஜியாவிலிருந்து. முடியாது என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

அரசாங்கம் அச்சடித்த சீட்டு என்பதே அப்போது கிடையாது. ஒவ்வொரு கட்சியும் தன் எலெக்டர்கள் பெயரை வரிசையாகப் போட்டு டிக்கெட் அச்சடிக்கும். கட்சி ஆள் சாவடி வாசலில் நின்று கொடுப்பார், கட்சிப் பத்திரிகையிலிருந்தும் கத்தரித்துக்கொள்ளலாம். அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டால் ஓட்டு. பல ஊரில் தாளின் நிறத்தை வைத்தே நீங்கள் யார் பக்கம் என்று தூரத்தில் நிற்பவர்கூடச் சொல்லிவிடலாம். ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி போன்ற தென்மாநிலங்களில் லிங்கனுக்கு டிக்கெட் அச்சடிக்க ஆளே இல்லை. 'சீட்டில் பெயர் இல்லை' என்று எல்லாரும் எழுதுகிறார்களே, சீட்டே இல்லை. வர்ஜீனியாவில் கொஞ்சம் கிடைத்தது, அங்கே ரெண்டாயிரத்துக்குள் ஓட்டு விழுந்தது. தென் கரோலைனாவில் அந்தப் பேச்சே இல்லை, மக்களுக்கு அதிபர் ஓட்டே கிடையாது, சட்டசபைதான் எலெக்டர்களைப் போட்டது.

எதிரணி மூன்றாக உடைந்ததால்தான் லிங்கன் ஜெயித்தார் என்று அடுத்து யாராவது வருவீர்கள். கூட்டிப் பாருங்கள். எலெக்டர் ஓட்டில் லிங்கன் 180, பிரெக்கன்ரிட்ஜ் 72, பெல் 39, டக்ளஸ் 12. மொத்தம் 303, வேண்டியது 152. மூவரின் ஓட்டையும் ஒரே ஆளுக்குப் போட்டாலும் லிங்கன் இழப்பது கலிஃபோர்னியா 4, ஆரிகன் 3, நியூ ஜெர்சியில் கிடைத்த 4. மிச்சம் 169. நாடு முழுக்க 40 சதவீதத்துக்குக் கீழே வாங்கினாலும், ஜெயித்த வடமாநிலங்களில் தனியாகவே பாதிக்கு மேல் வைத்திருந்தார்.

வாத்தியார்:

1960 அலபாமா, கென்னடிக்கு. ஜனநாயகக் கட்சியின் 11 எலெக்டர்களில் 5 பேர் மட்டுமே கென்னடிக்குக் கட்டுப்பட்டவர்கள், 6 பேர் யாருக்கும் கட்டுப்படாதவர்கள். ஓட்டு 11 பேருக்கும் விழுந்தது, அந்த 6 பேர் வர்ஜீனியா செனட்டர் ஹாரி பேர்டுக்குப் போட்டுவிட்டார்கள். அந்த ஓட்டையெல்லாம் கென்னடிக்கு எழுதினால் நாடு முழுக்க அவர் ஒரு லட்சத்துச் சொச்சம் முன்னிலை. 5-6 என்று பங்கு போட்டால் நிக்சன் முன்னால் வந்துவிடுகிறார்.

இருக்கட்டும். இங்கே பலரும் கட்சிப் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகிறீர்கள். இந்த விளையாட்டை ஒழுங்காக ஆட வேண்டுமென்றால் முதலில் மாநிலத்தை முடிவு செய்யுங்கள், ஆளை அப்புறம் பார்க்கலாம். 1948இல் ட்ரூமனுக்குப் போட அலபாமா போனால் சீட்டில் அவர் இல்லை, 1964இல் ஜான்சனும் இல்லை. 1876இல் கொலராடோ போனால் சட்டசபையே மூன்று எலெக்டரையும் போட்டு முடித்திருக்கும். வாஷிங்டன் டிசி என்றால் 1964க்கு முன்னால் பேச்சே இல்லை.

அடுத்து வயது. 1971 திருத்தத்துக்கு முன் பொதுவாக 21. ஜார்ஜியா மட்டும் 1943லேயே 18 ஆக்கியது, கென்டக்கி 1955இல். பத்தொன்பது வயதில் ஐசனோவருக்குப் போட ஆசைப்படுகிறவர் அந்த ஜார்ஜியாவைப் பார்க்கலாம்.

அப்புறம் காசு. வர்ஜீனியாவில் ஓட்டுப் போடக் கட்ட வேண்டிய தலைவரி ஆண்டுக்கு ஒன்றரை டாலர். ஒரே ஒரு ஆண்டுக்குக் கட்டினால் போதாது, முந்தைய மூன்று ஆண்டுக்கும் கட்டியிருக்க வேண்டும், அதையும் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கட்டியிருக்க வேண்டும். நவம்பர் ஓட்டுக்கு மே மாதத்துக்குள் நாலரை டாலர். தேர்தல் ஜுரம் எல்லாருக்கும் ஏறுவது அக்டோபரில். அப்போது பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் பயனில்லை. ஏழை வெள்ளையரும் இதில் அடிபட்டார்கள், கறுப்பினத்தவருக்கு இதற்கு மேல் எழுத்தறிவுத் தேர்வு வேறு. கூட்டாட்சித் தேர்தல்களுக்கு இது ஒழிந்தது 1964 ஜனவரியில்.

கடைசியாக, அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து ஓட்டுப் போடுங்கள். இதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறீர்கள். 1932இல் நீங்கள் போடுவது ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பின்னால் கொண்டுவந்த, அரசு செலவழித்துப் பொருளாதாரத்தை மீட்கும் 'புதிய திட்டத்துக்கு' (நியூ டீல்) அல்ல. அந்த அக்டோபரில் பிட்ஸ்பர்க்கில் ரூஸ்வெல்ட் பேசியது அரசுச் செலவை 25 சதவீதம் குறைப்பது பற்றி. செலவாளி என்று அப்போதைய அதிபர் ஹூவரைத்தான் திட்டினார்! 1944இல் ரூஸ்வெல்டின் இதயம் எந்த நிலையில் இருக்கிறது என்று டாக்டர்களுக்கு மார்ச்சிலேயே தெரியும், ஓட்டாளருக்குத் தெரியாது. ஆக அந்தத் தேர்தலில் துணை அதிபர் பெயரையும் படித்துவிட்டுப் போடுங்கள். 1972இல், பின்னால் நிக்சனைக் கவிழ்த்த வாட்டர்கேட் ஒலிநாடாக்கள் உங்கள் கையில் கிடையாது, ஜூன் 17 கொள்ளை முயற்சியும், செப்டம்பரில் 7 பேர் மீது குற்றச்சாட்டும் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு நிக்சனை எதிர்த்த மெக்கவர்னுக்குப் போட்டிருப்பேன் என்கிறவர்கள் அவர் ஜெயித்த ஒரே மாநிலமான மாசசூசெட்ஸில் குடியிருந்தால் ஒழிய ஓட்டுக்குப் பலன் இல்லை.

கணக்குப்பிள்ளை:

வாத்தியார் ஐயா, டிசியை விட்டுட்டீங்க. மெக்கவர்னுக்கு அங்கேயும் 3 எலெக்டோரல் ஓட்டு வந்தது.

அலைகடல்:

1960ன்னா அலபாமாவை மட்டும் ஏன் சொல்றீங்க, ஹவாய் இருக்கே. முதல் கணக்குல நிக்சன் 141 ஓட்டு முன்னால. மறு எண்ணிக்கை ஓடிக்கிட்டிருக்கும்போதே டிசம்பர் 19 வந்திருச்சு. அன்னிக்கு எலெக்டர்கள் கூடியே ஆகணும். ரெண்டு கட்சி ஆளுங்களும் தனித்தனியாக் கூடிக் கையெழுத்துப் போட்டாங்க, கவர்னர் சான்றிதழ் நிக்சன் பக்கம். அப்புறம் எண்ணி முடிச்சா கென்னடி 115 முன்னால. கோர்ட் ஒத்துக்கிச்சு, கவர்னர் புதுச் சான்றிதழ் அனுப்பினார். ஜனவரி 6ஆம் தேதி சபையில உக்காந்து தாளைப் பிரிச்சது துணை அதிபர், அதாவது நிக்சனே. கென்னடி பக்கத் தாளையே எண்ணுங்க, இதை முன்னுதாரணமா எடுத்துக்க வேண்டாம்ன்னு சொல்லிட்டார். ஆட்சேபம் சொல்ல யாரும் எழுந்திரிக்கல.

என் ஓட்டு ஹவாயில் கென்னடிக்கு. அந்த டிசம்பர் 19ல கென்னடி எலெக்டர்கள் தோத்துட்டோம்னு வீட்டுலயே இருந்திருந்தா அந்த 3 எலெக்டோரல் ஓட்டு செல்லுபடியாகியிருக்குமாங்கிறதே சந்தேகம். கென்னடி ஜெயிச்சது இல்லினாய் ஓட்டுத் திருட்டாலன்னு ஆரம்பிக்கிறவங்களுக்கு: கென்னடி 303, இல்லினாய் 27. கழிச்சாலும் 276, வேண்டியது 269. டெக்சாஸ் 24ஐயும் சேர்த்துக் கழிச்சாத்தான் கீழே இறங்குவார்.

ஸ்பேனர்:

இறங்கினாலும் நிக்சன் ஜெயிச்சிருப்பார்ல? நிக்சனோட 219ம் அந்த ரெண்டு மாநிலத்து 51ம் சேர்த்து 270. ஒண்ணு கூடத்தான் வருது.

அலைகடல்:

269க்கு 270. அந்த ஓரத்துலதான் ஓக்லஹோமாவுல நிக்சன் எலெக்டர் ஒருத்தர் பேர்டுக்குத் தாவினார். அதைக் கழிச்சுத்தான் 219. அடுத்து இன்னும் ரெண்டு பேர் தாவியிருந்தா முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போயிருக்கும்.

புதுவை மணி:

1992, மெயின், சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ. நாடு முழுக்க ஏறக்குறைய 19 சதவீதம், எலெக்டோரல் ஓட்டு சைபர். மெயினில் 316 ஓட்டில் மூத்த புஷ்ஷை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார், அந்த மாநிலத்தில் வீடு வைத்திருந்த அதிபரை! மெயின் 1972 முதலே ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதிக்கும் ஒரு எலெக்டர் என்று பிரித்துக் கொடுக்கிறது, அதனால் மற்ற மாநிலத்தை விட பெரோவுக்கு இங்கேதான் வழி இருந்தது. இரண்டு தொகுதியையும் கிளின்டனே எடுத்துக்கொண்டார். ஜூலையில் விலகிவிட்டு அக்டோபரில் திரும்பி வந்தவர், விலகாமலே இருந்திருந்தால் இரண்டாவது தொகுதி கிடைத்திருக்கும் என்பது என் கணக்கு. யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் தொகுதி வாரி எண்ணோடு வாருங்கள்.