மாதிரி ஃபிஷிங் மெயிலில் மாட்டியவர் பெயர் ஹெச்ஆருக்குப் போகலாமா?

தணிக்கைத் தாமரை:
எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே போடுகிறேன். 400 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு என் திட்டம் இது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் மாதிரி ஃபிஷிங் மெயில் (பாஸ்வேர்டு பறிக்க வரும் போலி மெயிலைப் போலவே நாமே அனுப்பும் சோதனை) போகும். அதிலுள்ள லிங்கை முதல்முறை க்ளிக் செய்தால் திரையிலேயே ஐந்து நிமிடப் பாடம், இரண்டாம்முறை மேனேஜருக்குத் தகவல், மூன்றாம்முறை பெயர் ஹெச்ஆருக்கு. வருடத்துக்கு ஒருதரம் ஸ்லைடு ஓட்டி, 'நெக்ஸ்ட்' தட்டி, சர்ட்டிஃபிகேட் வாங்குவதால் எந்தப் பயனும் இல்லை. கேட்க ஆள் இருந்தால்தான் கவனம் வரும்.

நெட்வொர்க் நம்பி:
ஸ்லைடு தண்டம், அதுல சண்டையே இல்ல மேடம். ஆனா உங்க ஐந்து நிமிடப் பாடமும் அதே ரகம்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ மருத்துவமனைகள்ல 19,500க்கு மேற்பட்ட ஊழியர்களுக்கு 8 மாசம், 10 ரவுண்டு மாதிரி மெயில் அனுப்பிப் பார்த்தாங்க. முடிவு 2025ல வந்துச்சு. பாடம் எடுத்தவங்களுக்கும் எடுக்காதவங்களுக்கும் மாட்டுற விகிதத்துல 1.7 சதவீதம்தான் வித்தியாசம். பாடப் பக்கத்துல முக்கால்வாசிப் பேர் ஒரு நிமிஷத்துக்கு மேல நிக்கவே இல்ல.

சுவிட்சர்லாந்து ஜூரிக் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் மோசம். 15 மாசம், 14,000 பேருக்கு மேல. க்ளிக் பண்ண உடனே பாடம் காட்டப்பட்டவங்க பின்னாடி அதிகமாத்தான் மாட்டுனாங்க. அதே ஆய்வுல உருப்படியா கிடைச்சது ஒண்ணு உண்டு: மெயில் பெட்டியில, சந்தேக மெயிலை ஐடிக்குத் தெரிவிக்கிற ரிப்போர்ட் பட்டன் வச்சதும், ஊழியர்கள் தட்டுனதை வச்சே புது ஃபிஷிங்கைச் சீக்கிரம் பிடிக்க முடிஞ்சுது. பேர் ஹெச்ஆருக்குப் போகும்னு தெரிஞ்சா அந்தப் பட்டனை எவன் தொடுவான்?

கேட்வே கண்ணன்:
தத்துவம் அப்புறம். முதல்ல உங்க லிஸ்ட்ல இருக்கிற பேரு சரியான பேரா? மெயில் பாதுகாப்பு ஸ்கேனர் இருக்கிற பல இடத்துல லிங்கை மனுஷன் தொடுறதுக்கு முன்னாடியே ஸ்கேனர் திறந்து பார்த்துடும். ரிப்போர்ட்ல அது அவரோட க்ளிக்னு விழும். மெயில் வந்து ரெண்டு மூணு வினாடிக்குள்ள விழுந்த க்ளிக், டேட்டா சென்டர் ஐபியிலருந்து (கம்ப்யூட்டரோட இணைய முகவரி) வந்த க்ளிக், ஒரே ஆள் பேர்ல எல்லா லிங்கும் ஒரே நொடியில திறந்த க்ளிக், இதெல்லாம் பெரும்பாலும் மெஷின். மைக்ரோசாஃப்ட் 365ல இருந்தா, ஸ்கேனர் டெஸ்ட் மெயிலைத் தொடாம இருக்க அட்வான்ஸ்டு டெலிவரி பாலிசியில டெஸ்ட் அனுப்புற டொமைனையும் ஐபியையும் சேர்த்துட்டு ஆரம்பிங்க.

இன்னொரு கூத்து. ஒருத்தர் சந்தேகப்பட்டு மெயிலை ஐடிக்கு ஃபார்வர்ட் பண்றாரு. ஐடி ஆள் லிங்கைத் திறந்து பார்க்கிறாரு. மாட்டுறது யாரு? ஃபார்வர்ட் பண்ணினவர். லிங்க்ல இருக்கிற அடையாள எண் அவரோடதாச்சே.

தணிக்கைத் தாமரை:
கண்ணன் சொன்னது சரி. க்ளிக்கை விட்டுவிட்டு, போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டு அடித்ததை மட்டும் கணக்கில் எடுக்கலாம். ஆனால் நம்பி சார், சராசரியைக் காட்டி ஒதுங்க முடியாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஐஎஸ்ஓ 27001 (தகவல் பாதுகாப்புத் தரச்சான்று) ஆடிட்டர் அதன் 6.3ஆம் பிரிவுக்குப் பயிற்சிச் சான்று கேட்பார், 6.4க்கு ஒழுங்கு நடவடிக்கை முறை எங்கே என்பார். அவரிடம் எதைக் காட்டுவது?

நெட்வொர்க் நம்பி:
6.4ங்கிறது கம்பெனி பாலிசியை மீறினவங்களுக்கு. ஏமாந்தது எப்படி மீறல் ஆகும்? பாஸ்வேர்டை இன்னொருத்தருக்குக் கொடுத்தா மீறல், கம்பெனி ஃபைலைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பினா மீறல். ஆடிட்டர் கிட்ட 6.8ஐக் காட்டுங்க, சம்பவத்தைத் தெரிவிக்கிற முறை. டெஸ்ட் மெயில் போனதும் முதல் ரிப்போர்ட் எத்தனை நிமிஷத்துல வந்துச்சு, எத்தனை சதவீதம் பேர் தட்டுனாங்க, இந்த ரெண்டு எண் போதும்.

டெஸ்ட் மெயில்ல எதை எழுதுறோம்ங்கிறதும் முக்கியம். 2020 டிசம்பர்ல கோடாடிங்கிற இணையதளச் சேவைக் கம்பெனி 650 டாலர் போனஸ்னு ஊழியர்களுக்கு டெஸ்ட் அனுப்பிச்சு, சுமார் 500 பேர் மாட்டி, கடைசியில கம்பெனிதான் மன்னிப்புக் கேட்டுச்சு. தீபாவளி போனஸ் மெயில் அனுப்பி ஆளைப் பிடிக்கிறது பயிற்சி இல்ல.

சம்பளக்கலா:
ஹெச்ஆர் பக்கத்திலிருந்து: அந்த லிஸ்ட் எங்களுக்கு வேண்டாம். 'யார் யார் ஏமாறுவார்கள்' என்ற பட்டியலே தனிநபர் தரவு. அது வெளியே போனால் திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி.

நீங்கள் எல்லோரும் க்ளிக்கிலேயே நிற்கிறீர்கள். எங்கள் மேசையில் தரவு போகும் வழி எக்செல். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து போலீஸ், தகவல் அறியும் கேள்வி ஒன்றுக்குப் பதிலாக ஒரு ஷீட்டை வெளியிட்டது. அதில் மறைந்திருந்த ஒரு தாவலில் 9,483 பேரின் குடும்பப்பெயர், பதவி, பணியிடம் எல்லாம் இருந்தன. வைரஸும் இல்லை, ஹேக்கரும் இல்லை. அபராதம் 7,50,000 பவுண்டு.

சம்பள ஷீட்டில் ஃபில்டர் போட்டு ஒரு டீமை மட்டும் காட்டி அனுப்பினால், பெறுபவர் ஃபில்டரை எடுத்தால் எல்லோர் சம்பளமும் தெரியும். நெடுவரிசையை 'ஹைட்' செய்து மறைத்தாலும் அதே. பிவட் டேபிளை (எக்செல் போடும் சுருக்க அட்டவணை) மட்டும் புது ஃபைலில் ஒட்டினாலும், ஒரு எண்ணை டபுள் க்ளிக் செய்தால் அதன் மூல வரிகள் வந்து விழும், ஏனென்றால் மூலத் தரவின் நகல் பிவட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. தேவையான செல்களை மட்டும் புது ஃபைலில் 'வேல்யூஸ்' ஆக ஒட்டுங்கள். அனுப்பும் முன் ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட். புதிதாகச் சேர்பவரிடம் ஆதார் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் கேளுங்கள். அதுவும் வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம். இதைச் சொல்லித்தர ஒரு டீமுக்கு 20 நிமிடம் போதும்.

அகில்99:
ஒரு டவுட்டு. நிஜமாவே ஒருத்தர் பாஸ்வேர்டு அடிச்சுட்டார்னா அடுத்த 10 நிமிஷம் என்ன செய்யணும்? அதை எந்த ஸ்லைடும் சொல்ல மாட்டேங்குது.

நெட்வொர்க் நம்பி:
நல்ல கேள்வி தம்பி. ஃபைல் எதையாவது இறக்கித் திறந்திருந்தா வைஃபை ஆஃப், கேபிளைப் பிடுங்கு. மெஷினை ஆஃப் பண்ணாத, மெமரியில இருக்கிற தடயம் போயிடும். ஐடிக்கு மெயில் போடாத, போன் பண்ணு. உன் மெயில் பெட்டியை அவன் பார்த்துக்கிட்டு இருக்கலாம். பாஸ்வேர்டை வேற மெஷின்லருந்து மாத்து.

பாதிப் பேர் இங்கேயே நிறுத்திடுவாங்க. போலிப் பக்கம் நடுவுல உட்கார்ந்து ஓடிபியோட சேர்த்து லாகின் குக்கியையும் (மறுபடி பாஸ்வேர்டு கேட்காம உள்ளே விடுற சீட்டு) எடுத்திருந்தா, பாஸ்வேர்டு மாத்துனாலும் அவன் உள்ளேயே இருக்கலாம். அதனால ஐடி எல்லா செஷனையும், அதாவது திறந்திருக்கிற எல்லா லாகினையும், ரத்து பண்ணணும். அப்புறம் இன்பாக்ஸ் ரூல்ஸைப் பாரு, வர்ற மெயிலைத் தானா கையாளச் சொல்ற அமைப்பு: 'இன்வாய்ஸ்'னு வர்ற மெயிலை வெளியே ஃபார்வர்ட் பண்ணு, இங்கே அழிச்சிடுன்னு ஒரு ரூல் போட்டு வச்சிருப்பான். புதுசா சேர்ந்த ஓடிபி போன் நம்பர், அனுமதி வாங்கின ஆப் ரெண்டையும் பாரு. பணம் போயிருந்தா உடனே 1930, சைபர் மோசடி உதவி எண். ஐடி தலைவருக்குத் தனியா ஒரு கெடு இருக்கு: செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவுப்படி அவங்களுக்கு தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும். நம்ம ஆள் பயந்து மறுநாள் காலையில சொன்னா அவன் சுருட்ட ஒரு ராத்திரி கிடைச்சுடும்.

தணிக்கைத் தாமரை:
பயம் வேண்டாம், சரி. ஆனால் பணம் அனுப்பும் கையெழுத்து உள்ளவரும் ரிசப்ஷனில் இருப்பவரும் ஒன்றா? திரும்பத் திரும்ப மாட்டுபவரிடம் பேமெண்ட் அப்ரூவல் உரிமை இருக்கலாமா? அவர் மேனேஜருக்காவது தெரிய வேண்டாமா?

நெட்வொர்க் நம்பி:
ஃபைனான்ஸ் தனி, ஒத்துக்கறேன். ஆனா 2024ல வெளியே வந்த, அரூப்ங்கிற இன்ஜினியரிங் கம்பெனியோட ஹாங்காங் விஷயத்தைப் பாருங்க. அந்த ஊழியர் முதல் மெயிலை ஃபிஷிங்னு சந்தேகப்பட்டவர்தான்! வீடியோ கால்ல சிஎஃப்ஓ (நிதித் தலைவர்) முகமே போலியா வந்ததும் நம்பிட்டாரு. 20 கோடி ஹாங்காங் டாலர் போச்சு. விழிப்புணர்வு இருந்தும் போச்சு. வெண்டர் பேங்க் அக்கவுண்ட் மாறினா, பழைய ஃபைல்ல இருக்கிற நம்பருக்கு நாமே கூப்பிட்டு உறுதி பண்ணணும், ரெண்டாவது ஆள் அப்ரூவ் பண்ணணும். ஃபைனான்ஸ் மொத்தத்துக்கும் ஹார்டுவேர் கீ (லாகின் பண்ண கையில வச்சிருக்கிற சின்னச் சாவிக் கருவி) கொடுங்க, மாட்டுனவருக்கு மட்டும் தண்டனையா இல்ல. போலித் தளத்துல அந்தக் கீ வேலையே செய்யாது.

தணிக்கைத் தாமரை:
கீ சரி, ஹெச்ஆர் வரியையும் எடுத்துவிடுகிறேன். மேனேஜர் வரி இருக்கும்.

சம்பளக்கலா:
மேனேஜர் அப்ரைசலில் போடமாட்டார் என்று எழுதித் தருவீர்களா?

கேட்வே கண்ணன்:
பேர் எதுக்கு? டீம் வாரியா ரிப்போர்ட் சதவீதம் மட்டும் கொடுங்க. 10 பேருக்குக் குறைஞ்ச டீம்னா அதையும் பக்கத்து டீமோட சேர்த்துடுங்க, இல்லேன்னா மத்தியானத்துக்குள்ள ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்க.