புதுப்பிப்பு: மேற்கோள் பட்டியலில் நம் பெயர்கள்

ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலில் தமிழர் பெயரைச் சொந்தப் பெயரால் வரிசைப்படுத்துவதா, அப்பா பெயராலா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மேற்பார்வையாளரும் ஒப்புக்கொண்டார்: சொந்தப் பெயர்தான். 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசு இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, பட்டியலில் 'சாரங்கபாணி, கோ.' என்றே வருவார்.

தொல்லை மேற்கோள் மென்பொருளில்தான். முன்னெழுத்தை விரித்துத் தன் பெயருக்குப் பின்னால் எழுதியவரின் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. ஒருவர் பல ஆண்டு உழைத்த ஆய்வு அவர் அப்பா பேரில் பதிவாவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் ஒவ்வொரு பெயரையும் கையால் திருத்துகிறேன்.

ஐசியில் (அடையாள அட்டையில்) 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்), 'டி/ஓ' (இன்னாரின் மகள்) என்று உள்ள தம்பி தங்கைகளே, முதல் கட்டுரைக்கு முன்பே ஒரே பெயர் வடிவத்தை முடிவுசெய்யுங்கள். ஆய்வாளரைத் தனியாக அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் (ORCID) எண்ணும் எடுத்துவிடுங்கள், இலவசம்தான்.