புதுப்பிப்பு: பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான தரவுச் சேமிப்பகம்

ஆய்வுத் தரவு துறைக்கொரு வன்வட்டில் சிதறிக் கிடக்கிறதே, ஒரு வட்டாரத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே சேமிப்பகம் வைத்துக்கொள்ள முடியாதா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியும், ஏற்கெனவே நடக்கிறது. அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் ஹார்வர்ட், எம்.ஐ.டி. உள்ளிட்ட ஐந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2012இல் திறந்த கணினி மையத்தில்தான் நார்த்ஈஸ்ட் ஸ்டோரேஜ் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சேமிப்பகம் இருக்கிறது. பல சர்வர்களின் வட்டுகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கும் செஃப் (Ceph) என்ற திறமூல மென்பொருளில் அது ஓடுகிறது.

சரி, வட்டு பழுதானால் என்ன ஆகும் என்று பலர் கேட்டீர்கள். கோப்பை 8 துண்டாக்கி, அவற்றிலிருந்து கணக்கிட்ட 3 துண்டுகளையும் சேர்த்து 11 சர்வர்களில் பிரித்து வைத்தால், அதில் எந்த 3 போனாலும் மிச்சத்தை வைத்து முழுக் கோப்பையும் மீட்டுவிடலாம், அதுவும் மூன்று முழு நகல் வைக்க 3 பெட்டாபைட் (ஒரு பெட்டாபைட் என்றால் பத்து லட்சம் கிகாபைட்) கேட்கும் தரவுக்கு இங்கே 1.375 பெட்டாபைட் போதும், செலவைப் பகிர்கிற இடத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஆனால் இப்படித் துண்டாக்கி வைப்பது காப்புநகல் (பேக்கப்) ஆகாது. யாராவது தவறி அழித்தால் எல்லாத் துண்டுகளும் சேர்ந்தே போகும். வேறு ஊரில் காந்த டேப்பில் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம், உள்நுழைவு. அவரவர் பல்கலைக்கழகக் கணக்கிலேயே நுழைய கல்வி நிறுவனங்களின் உள்நுழைவு முறைகளை நாடு கடந்து இணைக்கும் எடுகெயின் (eduGAIN) போன்ற கூட்டமைப்புகள் இருக்கின்றன. பேராசிரியர் வேறு இடத்துக்கு மாறினால் தரவு யாருடையது என்பதைத்தான் சேரும் முன்பே எழுத்தில் பேசி முடிக்க வேண்டும்.