பிஎம்ஆர் (உடலியக்க, மறுவாழ்வு மருத்துவம்) ரெசிடென்சி அப்ளிகேஷன்: அவசரம், உதவுங்க

கோரிப்பாளையம்_கோபி: அண்ணே, அக்கா, இந்தத் தடவை பிஎம்ஆர் ரெசிடென்சிக்கு, அதாவது ஸ்பெஷலிஸ்ட் பயிற்சிக்கு, அப்ளை பண்றேன். ஸ்கோர் ஓகே. ப்ரொஃபைலை எப்படி ஸ்ட்ராங் ஆக்குறது? சீக்கிரம் சொல்லுங்க.

தல்லாகுளம்_டாக்: எந்த நாடு தம்பி? நீட் பிஜின்னா ரேங்க்தான் பேசும். அமெரிக்கான்னா ஸ்டெப் 2 (அங்க உள்ள லைசென்ஸ் பரீட்சை) எவ்வளவு, எந்த வருஷம் பாஸ் அவுட், சிபாரிசு லெட்டர் யார்கிட்ட?

நெல்பேட்டை: அப்சர்வர்ஷிப் (ஆஸ்பத்திரியில கூட நின்னு பார்த்துக் கத்துக்கிறது) போங்க. மத்ததெல்லாம் சும்மா.

கோரிப்பாளையம்_கோபி: அமெரிக்கா. 245. ஜிஆர்எச் (மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை) ஆர்த்தோ, நியூரோ, மெடிசின் லெட்டர் ரெடி.

ரிஹாப்_அக்கா: மூணுல ஒருத்தர்கூட பிசியாட்ரிஸ்ட் (பிஎம்ஆர் டாக்டர்) இல்லையே, அங்கதான் இடிக்குது. ஈராஸ்ல (அப்ளிகேஷன் போடுற ஆன்லைன் தளம்) ஒரு ப்ரோக்ராமுக்கு 4 லெட்டர்தான். குறைஞ்சது ரெண்டு லெட்டர் பிஎம்ஆர்ல இருந்து வாங்குங்க, அதுல ஒண்ணு அமெரிக்காவுல இருந்து வந்தா நல்லது. மெடிசின் லெட்டரை விடாதீங்க, முதல் வருஷ சீட்டுக்கு அது வேணும். "நல்ல பையன், உழைப்பாளி"ன்னு எழுதி வாங்காதீங்க. தண்டுவடக் காயத்துக்கு ஏசியா கிரேடிங் (பாதிப்பு எவ்வளவுன்னு தரம் பிரிக்கிறது) போட்டது, ஸ்பாஸ்டிசிட்டியை (தசை இறுக்கம்) மாடிஃபைட் ஆஷ்வொர்த் அளவுகோல்ல அளந்தது, டிஸ்சார்ஜ்ல வீல்சேர், கதீட்டர், படுக்கைப்புண் பத்தி வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, இதெல்லாம் இருக்கணும். லெட்டரைப் பார்க்கிற உரிமையை வேண்டாம்னு டிக் பண்ணிடுங்க, இல்லைன்னா அதை யாரும் நம்பமாட்டாங்க.

பழைய_ரெசிடென்ட்: அடிப்படையே படிக்காம வந்துடுறாங்க. ஸ்டெப் 1 பாஸ்/ஃபெயில் ஆனது 2022 ஜனவரியில, அதனாலதான் ஸ்டெப் 2 நம்பரை உத்துப் பார்க்கிறாங்க. பிஎம்ஆர் மொத்தம் 4 வருஷம். கேட்டகரிகல்னா முதல் வருஷமும் சேர்த்து. அட்வான்ஸ்டுன்னா ரெண்டாவது வருஷத்துலதான் ஆரம்பம். முதல் வருஷத்துக்கு ப்ரிலிமோ டிரான்சிஷனலோ (ஒரு வருஷப் பொதுப் பயிற்சி) தனியா அப்ளை பண்ணணும், பர்சனல் ஸ்டேட்மென்டும் தனி. சப்ளிமென்டல் ரேங்க் லிஸ்ட் (முதல் வருஷ இடங்களுக்கு நீங்க போடுற விருப்ப வரிசை) இணைக்காம விட்டா, பிஎம்ஆர் சீட் கிடைச்சும் முதல் வருஷத்துக்கு இடமில்லாம நிப்பீங்க.

தல்லாகுளம்_டாக்: அண்ணே, கொஞ்சம் மெதுவா. கோபி, வேலூர் சிஎம்சி பிஎம்ஆர்ல ஒரு மாசம் கேட்டுப் பாருங்க. பாகாயத்துல டாக்டர் மேரி வர்கீஸ் பேர்ல ரிஹாப் 1966-லயே ஆரம்பிச்சது. அங்க கேஸைக் கடைசிவரை பார்க்கலாம்.

நெல்பேட்டை: மதுரையில இருந்துக்கிட்டு வேலூரா? தென்மாவட்ட பைக் ஆக்சிடென்ட் பூராம் ஜிஆர்எச்சுக்குத்தான் வருது!

ரிஹாப்_அக்கா: கேஸ் வர்றது வேற, வார்டுல ரிஹாப் டீம் ரவுண்ட்ஸ்ல நிக்கிறது வேற.

நெல்பேட்டை: அப்ப நம்ம ஊரு டாக்டருங்க எல்லாம் வேஸ்ட்டா?

பழைய_ரெசிடென்ட்: ஊர்ச்சண்டையை நிறுத்துங்கப்பா. பாஸ் அவுட் வருஷம் இன்னும் வரலை. சில ப்ரோக்ராம் அதை வச்சே ஃபில்டர் பண்ணும்.

கோரிப்பாளையம்_கோபி: வேலூருக்கு மெயில் போட்டாச்சு. சப்ளிமென்டல் லிஸ்ட் ஈராஸ்ல எங்க இருக்கு?

ரிஹாப்_அக்கா: ஈராஸ்ல இல்ல தம்பி, சீட் ஒதுக்குற என்ஆர்எம்பி தளத்துல. இன்டர்வியூ முடிஞ்சு ரேங்க் போடும்போது ஒவ்வொரு அட்வான்ஸ்டு ப்ரோக்ராமுக்கும் இணைக்கணும். வருஷம் என்னன்னு சொல்லுங்க முதல்ல.